பெருநாள் கழிந்தும் முடியாத நோன்பு

“உங்கள் நோன்பு எப்போதுதான் முடியும்?”

கேட்டவர் ஒரு பிரெஞ்சுக்காரர். லண்டன் ஹோட்டலில் எங்கள் எல்லோருக்கும் மேலே இருந்த பெரிய ஷெஃப். அவர் கையில் ஒரு வெள்ளிக் கரண்டி இருந்தது. அதில் என் மச்சான் சத்தார் வைத்த கோழிக் குழம்பு. கரண்டி மச்சானின் வாய்க்கு நேராக நீண்டிருந்தது.

மச்சான் வலது கையை மார்பில் வைத்து, தலையைச் சற்றுச் சாய்த்து, “நோன்பு, சார்” என்றார்.

ஷெஃப் கரண்டியை உடனே தாழ்த்தவில்லை. மச்சானின் முகத்தையும், சட்டைக் காலருக்குள் தனியாக நின்ற கழுத்தையும் பார்த்தார். ஊரிலிருந்து வரும்போது அந்தக் கழுத்துக்குக் காலர் பொத்தானே போட முடியாது. பிறகு ஷெஃப் தானே ஒரு வாய் ருசித்துவிட்டு அடுத்த அடுப்புக்குப் போனார். நான் அம்மிக்குப் பக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருந்தேன். எனக்குத் தெரியும், ரமலான் முடிந்து மாசக்கணக்கில் ஆகியிருந்தது.

போன வாரம் அந்த ஹோட்டலின் சரவிளக்குகளையும் வெள்ளிப் பாத்திரங்களையும் பற்றி நான் அளந்ததைப் படித்துவிட்டு, குடியாத்தத்து வாசகர் ஒருவர் “கொடுத்து வைத்தவர் ஐயா நீர்” என்று எழுதியிருக்கிறார். கொடுத்து வைத்த கதையின் மறுபாதியை இந்த வாரம் கேளும். மச்சானும் என் அக்காவும் மவுத்தாகிவிட்டார்கள். இனி எழுதினால் யாருக்கும் தலைகுனிவு இல்லை.

உப்புப் பார்க்கும் முனுசாமி

எங்கள் ஆம்பூர் பக்கம் கல்யாண விருந்துக்குத் தேக்சா ஏற்றுகிற சமையல்காரரைப் பாவர்ச்சி என்போம். தேக்சா என்றால் ஒரு ஆள் உள்ளே இறங்கித் தேய்க்கிற அளவு பெரிய செம்புப் பாத்திரம். சத்தார் மச்சான் பெரிய பாவர்ச்சி. என் அக்கா ஜைனபுவைக் கட்டினவர். தோல் மண்டிக்காரர்கள் வீட்டுக் கல்யாணம் என்றால் பெண் பார்ப்பதற்கு முன்னாலேயே அவருக்குச் சொல்லி வைத்துவிடுவார்கள். வாணியம்பாடி, பேரணாம்பட்டு வரை அவர் கைக்கு அப்படி ஒரு பெயர்.

ரமலான் மாசத்தில் பாவர்ச்சிக்குப் பெரிய பேஜார் ஒன்று உண்டு. பகல் முழுக்க நோன்பு, ஆனால் சாயங்காலம் நோன்பு திறக்கக் கஞ்சி காய்ச்ச வேண்டும். உப்பு எப்படிப் பார்ப்பது? சமையல்காரன் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம் என்று மார்க்கம் படித்த ஹஜ்ரத்துகள் சொல்லத்தான் செய்கிறார்கள். எங்கள் பாவர்ச்சிகள் அதற்கு ஒத்துக்கொண்டால்தானே! ரோஷக்காரர்கள். உதட்டில் கரண்டி பட்டாலே நோன்பின் மானம் போயிற்று என்பார்கள்.

அதனால் பள்ளிவாசல் கஞ்சிக்கு உப்புப் பார்க்கிறவன் விறகு பிளக்கும் முனுசாமி. கோடாலியைச் சாய்த்து வைத்துவிட்டு வருவான். ஊதி ஊதி ஒரு வாய் குடிப்பான்.

“இன்னா முனுசாமி, எப்படி கீது?”

“உப்பு கம்மி பாய். இன்னொரு வாய் குடுங்க, சரியாச் சொல்றேன்.”

ஒவ்வொரு வருஷமும் உப்பு கம்மியாகத்தான் இருக்கும் அவனுக்கு. இன்னொரு வாய், இன்னொரு வாய் என்று வயிற்றை நிரப்பிக்கொண்டுதான் கோடாலியைத் தொடுவான். மச்சானுக்கு அது தெரியும். சிரித்துக்கொண்டே ஊற்றுவார்.

தலைப்பாகை கட்டிய கதை

பதினாலாம் வருஷத்து உலகச் சண்டை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு தோல் மண்டி சாயபு வீட்டு விருந்துக்குத் தோல் ஏலம் எடுக்கிற வெள்ளைக்காரர் ஒருவர் வந்தார். மச்சானின் பிரியாணியைத் தின்றார். தொட்டுக்கொள்ள வைத்த கத்திரிக்காயைக்கூட வழித்துத் தின்றார். ‘இந்த ஆளை நான் லண்டனுக்குக் கூட்டிப் போகிறேன், அங்கே என் தோஸ்த் ஒருத்தர் ஹோட்டல் நடத்துகிறார்’ என்று அங்கேயே பேச்சு முடிந்தது. மச்சான் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மசாலா அரைக்க என்னையும் கூட அனுப்ப வேண்டும். மெஷினில் அரைத்த மசாலாவைத் தொடமாட்டேன் என்றார்.

ஊரில் லுங்கியும் பனியனுமாக நின்று தேக்சா கிளறின மனுஷனுக்கு அங்கே ஜரிகைத் தலைப்பாகை கட்டிவிட்டார்கள். இடுப்பில் சிவப்புப் பட்டுக் கச்சை வேறு. சாயங்காலம் குழம்புப் பாத்திரங்களைச் சக்கரம் வைத்த மேஜையில் ஏற்றி, அவரே விருந்துக் கூடத்துக்குள் தள்ளிக்கொண்டு போய், துரைமார் தட்டில் பரிமாற வேண்டும். முதல் நாள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “இன்னாடா காதரு, என்னைப் பாத்தா பெருநாளுக்கு ஜோடிச்ச குதிரை மாதிரி இல்ல?” என்றார். நான் சிரித்த சிரிப்பில் அம்மிக் குழவி காலில் விழப் பார்த்தது.

ஆனால் வேஷம் ஒரு பக்கம் இருக்கட்டும். அடுப்பு அவருடையது. அந்தச் சமையல்கட்டில் ஒவ்வொரு அடுப்புக்கும் ஒரு எஜமான் உண்டு. மூலையில் இருந்த கறி அடுப்புக்கு எஜமான் ஆம்பூர் சத்தார். இந்தியாவில் இருந்துவிட்டு வந்த கிழட்டு கர்னல்கள் அவர் குழம்பைத் தின்று கண் கலங்கினதை நானே பார்த்திருக்கிறேன்.

பெரிய ஷெஃப் கறாரான ஆள். சண்டையின் கடைசி வருஷம், ரமலான் கழிந்த பிறகுதான் அங்கே வந்து சேர்ந்தவர். விருந்துக் கூடத்தின் கதவு திறப்பதற்கு முன்னால் தினம் ஒவ்வொரு அடுப்பாக வருவார். அந்த அடுப்பின் எஜமான் தன் சமையலை அவர் எதிரில் ஒரு கரண்டி ருசித்து, எது கூட, எது குறைய என்று சொல்ல வேண்டும். பிறகுதான் அவர் ருசிப்பார். கை ஆள் ருசித்தால் செல்லாது. எஜமானே ருசிக்க வேண்டும்.

அவருக்கும் இங்கிலீஷ் அரைகுறை, எங்களுக்கும் அரைகுறை. அதனாலேயே ஒருவர் பேசுவது மற்றவருக்கு நன்றாகப் புரிந்தது.

காய்ச்சல்

சண்டை முடியும் சமயத்தில் உலகம் முழுக்க ஒரு விஷக் காய்ச்சல் வந்தது என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். ஆம்பூரில் கபர்க்குழி வெட்ட ஆள் கிடைக்கவில்லை என்று ஊரிலிருந்து சேதி வந்தது. லண்டனிலும் அதே கதிதான். மச்சானுக்கும் வந்தது. கம்பளிக்குள் கிடந்து பினாத்தினார். அரிசிக் கஞ்சியை நான்தான் ஊட்டினேன். எப்படியோ பிழைத்து எழுந்தார். அல்லாவுக்கு நன்றி சொல்லி, ஏழைகளுக்கு ரொட்டி வாங்கிக் கொடுத்தோம்.

எழுந்த பிறகு ஆள் கொஞ்சம் பேச்சுக் குறைந்து போனார். பலவீனம் என்று நினைத்தேன். ஷெஃப் முன்னால் ருசித்தால் “குட், சார்” என்பதோடு நிறுத்திக்கொண்டார். முன்பெல்லாம் சீரகம் ஒரு சிட்டிகை ஜாஸ்தி, தயிர் புளிப்புப் போதாது என்று நீட்டி முழக்குகிறவர்.

அடுத்த வருஷம் ரமலான் கோடையில் வந்தது. அந்த ஊர்க் கோடையைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்! சூரியன் மனசு வந்துதான் இறங்குவான். மச்சான் ஷெஃபிடம் போய், மாசம் முழுக்கப் பகலில் வாயில் எதுவும் வைக்க முடியாது என்றார். ஷெஃப் யோசித்தார். தன் தாயாரும் ஈஸ்டருக்கு முன்னால் விரதம் இருந்தவள் என்றும், ஆண்டவன் விஷயத்தில் தான் குறுக்கே நிற்க மாட்டேன் என்றும் சொன்னார். கரண்டியிலிருந்து மச்சானுக்கு விடுதலை கிடைத்தது.

நானும் நோன்பு. அதனால் பாத்திரம் தேய்க்கும் நோரா என்ற ஐரிஷ்காரம்மாவை எங்களுக்கு முனுசாமி ஆக்கினோம். அவள் கண்ணில் தண்ணீர் தளும்பினால் காரம் சரி, வழிந்து ஓடினால் ஜாஸ்தி. இப்படி ஒரு மாசம் சிரிப்பும் பசியுமாக ஓடிற்று.

கருகின வெங்காயம்

பெருநாள் வந்தது. தொழுதோம், சேமியா காய்ச்சினோம். மறுநாளே மச்சான் மறுபடி நோன்பு பிடித்தார். பெருநாளுக்குப் பிறகு ஆறு நோன்பு வைப்பது எங்களில் பக்தியுள்ளவர்கள் செய்வதுதான். நானும் பெருமைப்பட்டேன். ஆறு முடிந்தது. திங்கள், வியாழன் என்றார். அதுவும் உண்டு. பிறகு செவ்வாய், புதன் எல்லாம் சேர்ந்துகொண்டது. காய்ச்சலில் பிழைத்ததற்கு நேர்ச்சை போலிருக்கிறது என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் பிற்பகல். நான் இஞ்சி அரைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கருகல் வாடை மூக்கில் ஏறியது. நிமிர்ந்து பார்த்தேன். மச்சான் சட்டிக்கு முழங்கை தூரத்தில் நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு, வாய்க்குள் பாடியபடி ஏலக்காய் உரித்துக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் வெங்காயம் கரியாகிக்கொண்டிருக்கிறது.

“மச்சான், கருகுது!”

“இன்னாது?”

“வெங்காயம்! உங்க பின்னாலதான்!”

திரும்பினவர் புகையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சட்டியை இறக்கினார். இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். திருடி மாட்டிக்கொண்டவன் பார்வை அது. வெங்காயம் சிவக்கிற வாடையைத் தெருமுனையில் நின்றே சொல்லிவிடுகிற மனுஷன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தங்கியிருந்த அறையில் கேட்டேன். வீட்டில் உருது, தெருவில் தமிழ் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். துக்கமான பேச்சு தமிழில்தான் வந்தது.

“எப்பத்துலேர்ந்து மச்சான்?”

“காய்ச்சல்லேர்ந்து. அது போச்சு, போறப்ப இதையும் எடுத்துக்கினு போய்ட்டது.”

“ஒண்ணுமே தெரியலியா?”

“சுடுது தெரியும், சில்லுனு இருந்தா தெரியும். மொளகா வெச்சா எரியுது. அவ்ளோதான். வாடை இல்ல. உப்பு இல்ல, இனிப்பு இல்ல. சோறு தின்னா பஞ்சு மெல்ற மாதிரி கீதுடா.”

“அதுக்குத்தான் தெனம் நோன்பா?”

அவர் திரும்பிப் போர்வையை மடிக்க ஆரம்பித்தார். எனக்கு ஆத்திரம் வந்தது.

“சரி, நோன்புன்னு அவங்கிட்ட சொல்லிட்டு ரூமுக்கு வந்து சாப்பிடுங்களேன். யாரு பாக்கப் போறான்?”

“சீ! அல்லா பேரச் சொல்லிப் பொய்யா? நோன்புன்னு வாயால சொன்னா நோன்புதான் இருக்கணும்.”

இந்த மனுஷனை என்ன செய்வது? ஒரு பொய்யைக் காப்பாற்ற, பொய்யே சொல்லாமல் பட்டினி கிடக்கிறார். கோடை நாள் முழுக்கத் தண்ணீர்கூட இல்லாமல் நெருப்பு முன்னால் நிற்கிறார்.

“ஊருக்குப் போய்டலாம் மச்சான்” என்றேன்.

“போய்? நாக்கு செத்த பாவர்ச்சிய எவன்டா கல்யாணத்துக்குக் கூப்டுவான்? இந்த அடுப்ப விட்டா நான் யாரு? கொஞ்ச நாள்ல திரும்பிடும். அது வரைக்கும் தள்ளிட்டா போதும்.” பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்க அக்காவுக்கு மட்டும் தெரிய வேணாம்.”

அன்றிலிருந்து நான் ருசித்து, அவர் காதில் சொல்ல, அவர் சரிசெய்தார். என் நாக்கு சாதாரண நாக்கு. அவருக்கு ஏழு சுரம் கேட்டது என்றால் எனக்கு இரண்டு கேட்கும். குழம்பு மோசமில்லை. ஆனால் கர்னல்கள் கண் கலங்குவது நின்றுவிட்டது.

பக்ரீத் அன்று வந்த விருந்தாளி

பக்ரீத் அன்றும் அடுத்த மூன்று நாளும் நோன்பு வைப்பது எங்கள் மார்க்கத்தில் ஹராம், கூடவே கூடாது. அதனால் அந்த நாலு நாளும் மச்சான் உடம்பு சரியில்லை என்று படுத்துவிட்டார். நான் மட்டும் போனேன். ஹைதராபாத் பக்கத்துப் பெரிய மனிதர் ஒருவர் பக்ரீத் அன்று சாப்பிட வந்திருந்தார். கறி சமைக்கிறவர் முஸ்லிம் என்று கேள்விப்பட்டு, பெருநாள் வாழ்த்துச் சொல்ல அவரைக் கூப்பிடச் சொன்னார். ஷெஃப் தானே போய், அவர் இன்று வரவில்லை, தினமும் நோன்பு இருந்து இருந்து மிகவும் மெலிந்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறார்.

“தினமுமா? நோன்பு மாசம் எப்போதோ முடிந்துவிட்டதே!” என்றாராம் அந்த மனிதர்.

பாவம், நல்லது நினைத்துத்தான் வந்தார். மச்சான் வேலைக்குத் திரும்பின அன்றுதான் ஷெஃப் அந்தக் கேள்வியைக் கேட்டது, உங்கள் நோன்பு எப்போது முடியும் என்று.

இரண்டொரு நாள் கழித்து என்னிடம் வந்தார். திங்கட்கிழமை எங்கள் இருவருக்கும் விடுமுறை என்றும், தன்னோடு வெளியே சாப்பிட வரவேண்டும் என்றும் சொன்னார். தன் தோஸ்த் நடத்துகிற உணவகமாம். “சூரியன் மறைந்த பிறகுதான். மீன் மட்டும்தான், இறைச்சி கிடையாது. பயப்பட வேண்டாம்” என்றார்.

மச்சானிடம் சொன்னேன். முகம் வெளுத்துப்போயிற்று. பிறகு, “ஒரு எஜமான் இன்னொரு எஜமான விருந்துக்குக் கூப்புட்றான். போவலன்னா மரியாத இல்ல” என்றார்.

வெள்ளை மேஜை விரிப்பு

அதுவரை நாங்கள் எந்தப் பெரிய உணவகத்திலும் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் இல்லை. சிவப்பு வெல்வெட் இருக்கைகள். சுவர் முழுக்கக் கண்ணாடி. கஞ்சி போட்ட விரிப்பு, தொட்டால் மொரமொரத்தது. பரிமாறுகிறவன் நாற்காலியை இழுத்துப் போட்டதும் மச்சான் பழக்கதோஷத்தில் அவனுக்கு சலாம் வைத்துவிட்டார்.

இலை உதிர ஆரம்பித்திருந்த மாசம். ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. ஷெஃப் கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு ஒரு சின்னத் தட்டை மச்சான் பக்கம் நகர்த்தினார். அதில் நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம். எங்கோ விசாரித்து வாங்கி வைத்திருக்கிறார் அந்த மனுஷர்.

மச்சான் பிஸ்மி சொல்லிப் பழத்தை வாயில் போட்டார். இனிப்பு தெரியாத வாயில்.

அடுத்து சூப் வந்தது. மூன்று கிண்ணங்கள். பளிங்கு மாதிரி தெளிவு, மேலே ஒரு இலை மிதந்தது. நான் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தேன். உப்பே இல்லை. ஒரு கல் கூட இல்லை. மீன் முள்ளைக் கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். ஷெஃப் தன் கிண்ணத்தைத் தொடவே இல்லை. அவர் மச்சானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு விளங்கிவிட்டது. மேஜைக்கு அடியில் மச்சானின் காலைத் தேடினேன். அதற்குள் அவர் கரண்டியை எடுத்துவிட்டார். குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகத்தில் பழைய பெரிய பாவர்ச்சி வந்து உட்கார்ந்தார்.

“எப்படி இருக்கிறது?” என்றார் ஷெஃப்.

“வெரி குட், சார். சால்ட் கரெக்ட். ஒன் மோர் ஸ்டோன்… நோ குட்.”

இன்னும் ஒரு கல் போட்டால் கெட்டுவிடும் என்று சொல்கிறார். யா அல்லா! அந்த மேஜை பூமிக்குள் போய்விடக் கூடாதா என்று இருந்தது எனக்கு.

ஷெஃப் சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. கையைக் காட்டிக் கிண்ணங்களை எடுக்கச் சொன்னார். அடுத்து வெண்ணெயில் வாட்டின மீன் வந்தது. “இதை என் நண்பர் நிஜமாகச் சமைத்தார்” என்றார் மெதுவாக.

மச்சானின் கை அந்தரத்தில் நின்றது. என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது போதும் அவருக்கு.

“எல்லோர் முன்னாலும் கேட்க எனக்கு மனம் வரவில்லை” என்றார் ஷெஃப். “எனக்கு இப்படி நேர்ந்திருந்தால் நானும் இதையேதான் செய்திருப்பேன்.”

மச்சான் மீனைக் கடைசித் துண்டு வரைக்கும் மென்று தின்றார். விருந்தாளி மிச்சம் வைத்தால் சமைத்தவனுக்கு அவமரியாதை என்று அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர். கண்ணீர் தாடியில் இறங்கியதைத் துடைக்கக்கூட இல்லை. அவ்வளவு நல்ல மீனை நான் அதற்குப் பிறகு எத்தனையோ ஊரில் தேடியிருக்கிறேன், கிடைக்கவில்லை.

ஷெஃப் ஒரு வழி சொன்னார். அடுப்பைக் காதர் பார்த்துக்கொள்ளட்டும், சத்தார் தலைப்பாகையோடு சக்கர மேஜையைத் தள்ளிக்கொண்டு பரிமாறினால் போதும், விருந்தாளிகளுக்கு அவரைப் பிடிக்கும் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

அறைக்குத் திரும்பும் வழியில் மச்சான் ஒன்றே ஒன்று சொன்னார். “சமைக்காதவனுக்கு எதுக்குடா தலப்பா?”

அடுத்த கப்பலில் ஊருக்குப் போய்விட்டார். நானும் வருகிறேன் என்றதற்கு, “அந்த அடுப்ப வேற எவனும் தொடக் கூடாது. நீ நில்லு” என்று அதட்டிவிட்டார்.

ஆம்பூர்

சில வருஷம் அந்த அடுப்பில் நின்றுவிட்டு நான் பாரிஸ், மார்சேல் என்று சுற்றினதை எல்லாம் முன்னமே எழுதிவிட்டேன். ஊர் திரும்ப வருஷங்கள் ஆயின. ரயிலை விட்டு இறங்கி நேரே அக்கா வீட்டுக்குத்தான் போனேன்.

மச்சான் தோல் ஷெட்டில் மேஸ்திரியாக இருந்தார். மயிர் போக்குவதற்குத் தோலை ஊறப்போடுகிற சுண்ணாம்புக் குழிப் பக்கம் வேலை. அந்த இடத்தில் புதிதாக வருகிறவன் வாந்தி எடுக்காமல் ஒரு வாரம் நிற்பது அபூர்வம். மச்சான் முதல் நாளே நின்றிருக்கிறார். “சத்தார் பாய் மாதிரி வராதுப்பா, நாத்தத்தக் கண்டு மொகம் சுளிக்கவே மாட்டார்” என்று ஷெட்டுக்காரர்கள் என்னிடமே புகழ்ந்தார்கள். ஏன் சமையலை விட்டார் என்று கேட்டவர்களுக்கு, லண்டன் குளிரில் முதுகு போய்விட்டது, தேக்சா தூக்க முடியவில்லை என்று சொல்லி வைத்திருந்தார். ஊர் நம்பியது.

மதியம் வீட்டுக்கு வந்தார். குழியின் வாடையும் அவரோடு வாசலைத் தாண்டி வந்தது. எனக்குக் குமட்டிற்று. அவருக்கு எங்கே தெரியப் போகிறது? “காதரு!” என்று ஓடி வந்து கட்டிக்கொண்டார்.

“வெந்நீர் வெச்சிருக்கேன், குளிச்சிட்டு வந்து பேசுங்க” என்றாள் அக்கா. தினம் அப்படித்தான் சொல்வாளாம். ஏன் என்று அவர் கேட்டதும் இல்லை.

குளித்துவிட்டு வந்தார். அக்கா கரண்டியில் குழம்பு எடுத்து அவர் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டாள். “உப்புப் பாருங்க.”

மச்சான் நக்கினார். யோசித்தார். “ஒரு கல்லு போடலாம்” என்றார்.

அக்கா உப்புச் சாடியில் கையை விட்டாள். சட்டிக்கு மேலே விரல்களைத் தேய்த்தாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். விரலில் ஒன்றும் இல்லை.

அவர் ஷெட்டுக்குத் திரும்பிப் போன பிறகு கேட்டேன்.

“உனக்குத் தெரியுமாக்கா?”

“வந்த மொத வாரமே தெரியும். திரிஞ்சு போன பாலக் குடிச்சிட்டு நல்லா இருக்குன்னார். அடுப்படில போய் அழுதேன். அவரு சொல்லல. நானும் கேக்கல.”

“தெரிஞ்சும் எதுக்குத் தெனம் உப்புப் பாக்கச் சொல்ற?”

அக்கா என்னை முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். “கல்யாணமான நாள்லேர்ந்து கேட்டுக்கினு வர்றேன். ஒரு நாள் கேக்காம வுட்டா, எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சுடாதா?”

மறுநாள் மதியம் நான் மச்சானுக்கு எதிரே உட்கார்ந்தேன். அக்கா உள்ளங்கையில் சொட்டு விட்டாள். அவர் நக்கினார். ஒரு கல்லு போடலாம் என்றார். அக்கா சாடியில் கையை விட்டு எடுத்து, சட்டிக்கு மேலே தேய்த்தாள்.

நான் இந்தத் தடவை அவள் கையைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தேன். அவர் அவளுடைய வெறும் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சாடியை மூடுகிற வரைக்கும் பார்த்தார்.

“இப்ப சரியா இருக்கும்” என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.